பைத்தானில் கணக்குக் கோவையைப் பிரித்துப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பில் போடும் மென்பொருளில் 'அளவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. கடைக்காரர் அதில் 12+3*(4-1) என்று தட்டுகிறார். நிரல் 21 என்று காட்ட வேண்டும். கேட்டால் அரை மணி நேர வேலை மாதிரி இருக்கும். உட்கார்ந்து எழுதினால் 21 வந்தும் விடும். சிக்கல் அதற்கு அப்புறம்தான். அதே நிரல் 10-4+3 என்றால் 3 என்று சொல்லும். 5-(2-6) என்றால் எரர் காட்டும். 2 3 + என்று வரிசை மாற்றிக் கொடுத்தால் மறுபேச்சு இல்லாமல் 5 என்று ஏற்றுக்கொள்ளும். எரர் காட்டி நின்றுவிட்டால் பரவாயில்லை, யாராவது பார்த்துச் சொல்வார்கள். தப்பான தொகை பில்லில் அச்சாகிப் போனால் யாருக்கும் தெரியாது.

இப்படி வரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. இங்கே உண்மையில் மூன்று வேலைகள் இருக்கின்றன. எழுத்துகளை டோக்கன்களாக, அதாவது எண், குறி, அடைப்புக்குறி என்ற தனித்தனித் துண்டுகளாக, வெட்டுவது ஒன்று. எந்த எண் எந்தக் குறியோடு சேரும் என்று அமைப்பைக் கண்டுபிடிப்பது இன்னொன்று. அந்த அமைப்பின்படி கணக்கைப் போடுவது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே மூச்சில், ஒரே ரெகெக்ஸில் (எழுத்துகளின் வடிவத்தை விவரித்துத் தேடும் குறியீட்டில்) முடிக்கப் பார்க்கும்போதுதான் நிரல் சொதப்புகிறது. பைத்தானை வைத்தே சொல்கிறேன். பாஷ் (லினக்ஸ் கட்டளைகளை எழுதும் மொழி), ஜாவாஸ்கிரிப்ட் போன்றவை வேறு மாதிரி நடந்துகொள்ளும் இடங்களில் அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இவாலிடம் ஒப்படைப்பது

பைத்தானில் 'இவால்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. ஸ்ட்ரிங்கை (எழுத்துச் சரத்தை) கொடுத்தால் அதைப் பைத்தான் கோவையாகவே எடுத்து இயக்கி விடையைத் தரும். ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் அது கணக்கை மட்டும் இயக்குவதில்லை, பைத்தான் கோவையாக எதை எழுத முடியுமோ அத்தனையையும் இயக்கும். உங்கள் சர்வரில் உள்ள ஃபைலை அழிக்கும் கட்டளையும் ஒரு கோவைக்குள் அடங்கிவிடும். வெளி ஆள் யாரோ தட்டும் எழுத்தை இவாலிடம் கொடுப்பது, உங்கள் கணினியின் கீபோர்டை அவர் கையில் கொடுப்பதற்குச் சமம்.

இதைச் சொன்னதும் பலர் ஒரு 'பாதுகாப்பு' வழி சொல்வார்கள்: இவாலை அழைக்கும்போது உள்ளமைந்த ஃபங்ஷன்களின் பட்டியலைக் காலியாக்கிவிட்டால் போதுமே என்று. போதாது. வெறும் ஒரு காலி அடைப்புக்குறியிலிருந்து தொடங்கி, அதன் வகை என்ன, அந்த வகையின் தாய் வகை என்ன, அந்தத் தாய் வகைக்கு என்னென்ன பிள்ளை வகைகள் என்று புள்ளி வைத்து வைத்து ஏறி இறங்கினால், பைத்தான் அப்போது ஏற்றி வைத்திருக்கும் வகைகள் எல்லாம் கைக்கு வந்துவிடும். அதிலிருந்து ஃபைலைத் திறப்பதற்கு வழி கண்டுபிடிப்பது பெரிய காரியம் இல்லை. இது பல ஆண்டுகளாக எல்லோருக்கும் தெரிந்த வித்தை. தடை செய்ய வேண்டிய சொற்களைப் பட்டியல் போட்டுத் தடுப்பதும் இதே கதைதான். பட்டியலில் இல்லாத ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும்.

சரி, எழுத்துகளையே கட்டுப்படுத்திவிடலாம், எண்களும் நான்கு குறிகளும் அடைப்புக்குறியும் மட்டும் அனுமதித்தால்? ஊடுருவல் அதோடு நின்றுவிடும். ஆனால் 9**9**9 என்பதில் எண்ணும் பெருக்கல் குறியும் தவிர வேறு எதுவும் இல்லை. பைத்தானில் இரட்டை நட்சத்திரம் என்றால் அடுக்கு. வலப்பக்கத்து 9**9 மட்டும் 38,74,20,489. 9-ஐ அத்தனை முறை பெருக்கினால் வரும் எண்ணுக்கு ஏறத்தாழ 37 கோடி இலக்கங்கள். ஏழே எழுத்தில் உங்கள் சர்வரை மூச்சுத் திணற வைத்துவிடலாம். அடுக்கை அனுமதித்தால் அதற்கு உச்ச வரம்பு வையுங்கள். வரம்பு மீறினால் கணக்குப் போடத் தொடங்குவதற்கு முன்பே மறுத்துவிட வேண்டும். போட்டுப் பார்த்துவிட்டு மறுத்தால் பயன் இல்லை.

பாஷ் எழுதுபவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. டாலரும் இரட்டை அடைப்புக்குறியும் போட்டுக் கணக்குச் செய்வது பாதுகாப்பானது என்று நினைத்துவிட வேண்டாம். அதற்குள் ஒரு மாறியின் பெயரைக் கொடுத்தால், மாறிக்குள் இருக்கும் எழுத்தையும் பாஷ் மறுபடி கணக்குக் கோவையாகவே படிக்கும். அந்த எழுத்தில் அரே சுட்டெண் ஒன்று இருந்து, சுட்டெண்ணுக்குள் ஒரு கட்டளை ஒளிந்திருந்தால், அந்தக் கட்டளை ஓடிவிடும். பயனர் தந்த மதிப்பில் இலக்கங்கள் மட்டும்தான் இருக்கின்றன என்று முதலில் சரிபார்த்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

பைத்தானில் நடுவழி ஒன்று இருக்கிறது. 'ஏஎஸ்டி' என்ற மாட்யூல் ஸ்ட்ரிங்கை இயக்காமல், அதன் அமைப்பை மட்டும் மரமாக்கித் தரும். அந்த மரத்தில் இறங்கி, உங்களுக்குத் தெரிந்த கணுக்களை மட்டும் கணக்கிட்டு, மற்றதை எல்லாம் மறுக்கலாம். நல்ல வழிதான். ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு. எண், எழுத்துச் சரம், உண்மை-பொய் எல்லாமே அந்த மரத்தில் 'மாறிலி' என்ற ஒரே வகைக் கணுவாகத்தான் வரும். வகையைப் பார்க்காமல் விட்டால், ஓர் எழுத்தை மேற்கோளுக்குள் போட்டு 1000000000-ஆல் பெருக்கச் சொல்லி நினைவகத்தை நிரப்பலாம். உண்மை என்ற மதிப்போடு 1-ஐக் கூட்டினால் 2 வரும், ஏனென்றால் பைத்தானில் உண்மை-பொய் வகை முழு எண் வகையின் பிள்ளை. மாறிலி வந்தால் அது முழு எண்ணா, தசம எண்ணா என்று கறாராகப் பாருங்கள்.

மைனஸை எண்ணோடு ஒட்டி வெட்டுவது

சொந்தமாகப் பார்சர் (கோவையைப் பிரித்துப் படிக்கும் நிரல்) எழுதத் தொடங்குபவர்கள் முதலில் வழுக்கும் இடம் இது. டோக்கன் வெட்டும் ரெகெக்ஸில் 'மைனஸ் இருந்தாலும் இருக்கலாம், அப்புறம் இலக்கங்கள்' என்று எண்ணுக்கு வரையறை எழுதுவார்கள். -5 என்பதும் எண்தானே என்ற நினைப்பு. இப்போது 3-2 என்று கொடுங்கள். ரெகெக்ஸ் முதலில் 3-ஐ எடுக்கும், அடுத்து -2-ஐ எடுக்கும். டோக்கன்கள் இரண்டு: 3, -2. கழித்தல் குறி காணாமல் போய்விட்டது. 3 - 2 என்று இடைவெளி விட்டால் சரியாக வேலை செய்யும். அதனால் இடைவெளி விட்டுச் சோதிப்பவர் கண்ணில் இது படவே படாது. ஸ்பேஸ் உள்ள இடத்தில் வெட்டினால் போதும் என்று நினைப்பவர்களும் இதே இடத்தில்தான் மாட்டுவார்கள். கடையில் பில் போடுபவர் ஸ்பேஸ் விட்டுத் தட்ட மாட்டார்.

டோக்கன் வெட்டும் கட்டத்தில் மைனஸ் என்பது வெறும் மைனஸ்தான். அது கழித்தலா, எதிர்மறையா என்று முடிவு செய்வது அடுத்த கட்டத்தின் வேலை. அங்கே விதி எளிது: ஓர் எண்ணோ அடைப்புக்குறியோ வர வேண்டிய இடத்தில் மைனஸ் வந்தால் எதிர்மறை, ஏற்கெனவே ஓர் எண் முடிந்த இடத்தில் வந்தால் கழித்தல். 2--3, 4*-2, -(1+1) எல்லாம் இந்த ஒரே விதியில் சரியாகிவிடும்.

எது எண் என்று தீர்மானிக்காமல் விடுவது

பார்க்க அற்பமாக இருக்கும், ஆனால் இதில்தான் ஏகப்பட்ட விஷயம் இருக்கிறது. .5 எண்ணா? 5. என்று புள்ளியோடு நின்றால்? 1.2.3 வந்தால் என்ன செய்வீர்கள்? பதிலை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டால் ரெகெக்ஸ் தானாக வந்துவிடும். பலர் இந்தக் கேள்விகளைத் தவிர்க்க, எழுத்தைத் தசம எண்ணாக மாற்றும் பைத்தானின் 'ஃப்ளோட்' ஃபங்ஷனிடம் எழுத்தைக் கொடுத்துப் பார்க்கிறார்கள். எரர் வராவிட்டால் அது எண். ஆனால் அந்த ஃபங்ஷன் 'இன்ஃபினிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லையும், 'எண் அல்ல' என்பதைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சுருக்கத்தையும்கூட எண்ணாக ஏற்றுக்கொள்ளும். பைத்தான் 3.6 முதல் 1_000 என்று அடிக்கோடு போட்டதையும் 1000 என்று வாங்கிக்கொள்ளும். அவை உங்களுக்கு வேண்டும் என்றால் சரி. தெரியாமல் உள்ளே வந்தால் தொல்லைதான்.

நம் ஊர்ப் பயனர்களை வைத்து யோசித்தால் இன்னும் இரண்டு விஷயம் வருகிறது. ஒன்று, காற்புள்ளி. 1,25,000 என்று தொகையைத் தட்டுவது நமக்கு இயல்பு. இவாலிடம் இதைக் கொடுத்தால் எரர்கூட வராது. பைத்தானுக்குக் காற்புள்ளி என்றால் பட்டியல். 1, 25, 0 என்று மூன்று எண்கள் கொண்ட தொகுப்பைத் திருப்பித் தரும். 000 என்று எழுதுவதை அது வெறும் 0 என்று ஏற்பதால் இப்படி. அதே 1,25,050 என்றால் எரர், ஏனென்றால் பூஜ்யத்தில் தொடங்கும் மற்ற எண்களைப் பைத்தான் 3 ஏற்பதில்லை. காற்புள்ளியை அனுமதிக்கலாம் என்பதுதான் என் கருத்து, ஆனால் எண்ணுக்கு நடுவில், இரு பக்கமும் இலக்கம் இருந்தால் மட்டும். மூன்று மூன்றாகத்தான் பிரிய வேண்டும் என்று மேற்கத்திய விதியை மட்டும் வைத்துச் சோதித்தால் நம் லட்சமும் கோடியும் வெளியே தள்ளப்பட்டுவிடும்.

இரண்டாவது, தமிழ் எண்கள். பைத்தானில் ௧௨ என்ற ஸ்ட்ரிங்கை 'இன்ட்' ஃபங்ஷனிடம் கொடுத்தால் 12 என்று சரியாகச் சொல்லும். 1௨ என்று கலந்து கொடுத்தாலும் 12தான். ரெகெக்ஸில் இலக்கத்தைக் குறிக்கும் குறியீடும் பைத்தான் 3-இல் யூனிகோடின் எல்லா எழுத்துமுறைகளின் பதின்ம இலக்கங்களையும் பிடிக்கும். ௦ முதல் ௯ வரை அதில் அடங்கும். ஆனால் பழைய முறையில் பத்தைக் குறிக்கும் ௰, நூறைக் குறிக்கும் ௱, ஆயிரத்தைக் குறிக்கும் ௲ ஆகியவை இலக்கம் என்ற கணக்கில் வராது. இன்ட் ஃபங்ஷன் அவற்றைப் பார்த்தால் எரர் தரும். தமிழ் எண்களை ஏற்க நினைக்கும் நிரலுக்கு இது இலவசமாகக் கிடைக்கும் வசதி, பாதி வரைக்கும். ஜாவாஸ்கிரிப்டில் இந்த வசதி கிடையாது. அங்கே இலக்கக் குறியீடு 0 முதல் 9 வரை மட்டும்தான் பிடிக்கும், ௧௨ எண்ணாக மாறாது. உலாவியில் ஒரு பார்சரும் சர்வரில் ஒரு பார்சரும் வைத்திருப்பவர்கள் இந்த வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும்.

இதிலேயே இன்னொரு வலை: 'இஸ்டிஜிட்' என்ற சோதனை. வர்க்கத்தைக் குறிக்கும் ² என்ற சிறு எழுத்துக்கும் அது 'ஆம், இலக்கம்' என்று சொல்லும். அதை நம்பி இன்ட் ஃபங்ஷனிடம் கொடுத்தால் எரர். அதன் தம்பியான 'இஸ்டெசிமல்' சோதனைதான் இங்கே சரியானது.

வேறு இடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டும்போது குறிகளும் மாறி வரும். ஹைஃபனுக்குப் பதிலாக யூனிகோட் 2212 என்ற உண்மையான கழித்தல் குறி, அல்லது 2013 என்ற சிறு கோடு, × ÷ போன்றவை. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், பைத்தானுக்கு வேறு வேறு. டோக்கன் வெட்டும் இடத்தில் இவற்றை வழக்கமான குறிகளாக மாற்றிக்கொள்வது இரண்டு வரி வேலை. பயனருக்கு அது பெரிய நிம்மதி.

ஆரம்பத்தில் வரும் பூஜ்யத்தையும் மறக்கக் கூடாது. பாஷில் 010 என்றால் 8, எண்ம முறை (எட்டை அடிமானமாகக் கொண்ட முறை) என்று எடுத்துக்கொள்ளும். 08 என்றால் எரர். மாதங்களை 01, 02 என்று எழுதிக் கணக்குச் செய்யும் ஸ்கிரிப்ட் ஜூலை வரை நன்றாக ஓடி ஆகஸ்டில் விழுவது இதனால்தான்.

போட்மாஸை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவது

பள்ளியில் போட்மாஸ் என்று படித்தோம், சில புத்தகங்களில் பிட்மாஸ். அடைப்புக்குறி, அடுக்கு, வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல். நினைவில் வைக்க நல்ல வழிதான். ஆனால் அதை அப்படியே நிரலாக்கினால் தவறு. முதலில் எல்லா வகுத்தலையும் முடி, அடுத்து பெருக்கல், அடுத்து எல்லாக் கூட்டல், கடைசியில் கழித்தல் என்று எழுதினால் 10-4+3 என்ன ஆகும்? கூட்டல் முதலில் நடந்து 4+3=7, பிறகு 10-7=3. சரியான விடை 9. கூட்டலும் கழித்தலும் ஒரே படியில் இருப்பவை. அவற்றில் இடப்பக்கம் முதலில் வருவது முதலில். பெருக்கலும் வகுத்தலும் அப்படியே. முழு எண் வகுத்தலாக இருந்தால் அங்கேயும் விடை மாறும்: 7*3/2 என்பதை இடமிருந்து போட்டால் 21/2, அதாவது 10. வகுத்தலை முதலில் முடித்தால் 3/2=1, விடை 7.

இந்தத் தவறு பெரும்பாலும் இன்னொரு தவறோடு கைகோத்து வரும்: ஸ்ட்ரிங்கையே மாற்றி மாற்றிக் கணக்குப் போடுவது. உள்ளே இருக்கும் அடைப்புக்குறியைத் தேடி, விடை கண்டுபிடித்து, அந்த இடத்தில் விடையை எழுத்தாக ஒட்டி, மறுபடி தேடுவது. 5-(2-6) என்பதில் உள்ளே -4. ஒட்டினால் 5--4 என்ற புது ஸ்ட்ரிங். முதலில் எழுதிய ரெகெக்ஸ் இதை எதிர்பார்த்திருக்காது. அதற்கு ஒட்டுப் போட்டால் அடுத்தது தயாராக நிற்கும்: 1/10000000 என்பதன் விடையைப் பைத்தான் எழுத்தாக்கும்போது 0.0000001 என்று எழுதாது, நடுவில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தைப் போட்டு அறிவியல் குறியீட்டில் எழுதும். உங்கள் ரெகெக்ஸ் அதில் ஓர் எண், ஓர் எழுத்து, ஒரு கழித்தல் குறி, இன்னோர் எண் என்று பார்க்கும். கிடைத்த விடையை மறுபடி எழுத்தாக்காதீர்கள். எண்ணாக மாறியது எண்ணாகவே இருக்கட்டும்.

திசையைத் தவறாகப் பிடிப்பது

இப்போது சரியான அமைப்பைப் பார்ப்போம். இயற்கணிதத்தில் நாம் படித்த கோவை, உறுப்பு, காரணி என்ற அதே பெயர்கள் இங்கே அச்சாகப் பொருந்துகின்றன.

கோவை: ஓர் உறுப்பு, அதன் பின் (+ அல்லது -, இன்னோர் உறுப்பு) எத்தனை முறை வந்தாலும்
உறுப்பு: ஒரு காரணி, அதன் பின் (* அல்லது /, இன்னொரு காரணி) எத்தனை முறை வந்தாலும்
காரணி: மைனஸ், அதன் பின் ஒரு காரணி, இல்லையென்றால் ஓர் அடுக்கு
அடுக்கு: ஒரு மூலம்; விரும்பினால் ** போட்டு ஒரு காரணி
மூலம்: ஓர் எண், இல்லையென்றால் அடைப்புக்குறிக்குள் ஒரு கோவை

ஒவ்வொரு வரிக்கும் ஒரு ஃபங்ஷன். கீழே இருப்பது இறுக்கமாகச் சேரும், மேலே இருப்பது தளர்வாக. முன்னுரிமைக்கு என்று தனியாகப் பட்டியலே தேவையில்லை, அமைப்பிலேயே அது வந்துவிடுகிறது.

இதில் 'எத்தனை முறை வந்தாலும்' என்பதை எப்படி நிரலாக்குகிறீர்கள் என்பதில்தான் விஷயம். சிலர் கோவை என்றால் 'உறுப்பு, மைனஸ், கோவை' என்று எழுதிவிடுவார்கள். பார்க்கச் சுருக்கமாக இருக்கும். ஆனால் 10-4-3 வந்தால் 10-க்கு அப்புறம் மீதி 4-3 முழுவதையும் ஒரே கோவையாக முதலில் கணக்கிட்டு 1 என்று கொண்டு வந்து, 10-1=9 என்று சொல்லும். சரியான விடை 3. அப்படியானால் திருப்பிப் போட்டு 'கோவை, மைனஸ், உறுப்பு' என்று எழுதலாமே என்றால், கோவை ஃபங்ஷன் முதல் வேலையாகத் தன்னையே அழைக்கும், அது மறுபடி தன்னையே அழைக்கும். ஒரு டோக்கன்கூட நகராமல் பைத்தான் தற்சுழற்சி வரம்பை (ஃபங்ஷன் அழைப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக எவ்வளவு ஆழம் போகலாம் என்ற எல்லையை) தாண்டி விழும். சரியான வழி ஒரு சாதாரண மடக்கு (லூப்):

விடை = உறுப்பு()
அடுத்த டோக்கன் + அல்லது - ஆக இருக்கும்வரை:
    குறியை எடுத்துக்கொள்
    வலது = உறுப்பு()
    குறி + என்றால் விடை = விடை + வலது
    குறி - என்றால் விடை = விடை - வலது
விடையைத் திருப்பிக் கொடு

10-4-3-ஐ இதில் ஓட்டிப் பாருங்கள். விடை முதலில் 10. முதல் சுற்றில் வலது 4, விடை 6. இரண்டாவது சுற்றில் வலது 3, விடை 3. கையால் போடும் அதே வரிசை.

அடுக்குக்கு மட்டும் இது நேர்மாறு. 2**3**2 என்றால் பைத்தானில் வலப்பக்கம் முதலில்: 3**2=9, 2**9=512. அதனால்தான் மேலே அடுக்கு என்ற வரியில் மடக்கு இல்லை, வலப்பக்கம் காரணியை அழைத்து அது மறுபடி அடுக்குக்கு வருகிறது. பழக்கத்தில் இங்கேயும் மடக்கு போட்டுவிட்டால் 8**2=64 வரும். எக்செலில் =2^3^2 என்று போட்டால் 64தான் வரும், அங்கே அது இடமிருந்து. உங்கள் பயனர்கள் எக்செலில் ஊறியவர்கள் என்றால் எந்த விடையை எதிர்பார்ப்பார்கள் என்று யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மைனஸ் 2-இன் வர்க்கம்

-2**2 எவ்வளவு? பைத்தான், ரூபி, பெர்ல் மூன்றும் -4 என்று சொல்லும், லுவாவில் -2^2 என்று எழுதினாலும் -4தான். அடுக்கு முதலில், எதிர்மறை அப்புறம். பாஷ் 4 என்று சொல்லும். எக்செலில் =-2^2 என்றாலும் 4. ஜாவாஸ்கிரிப்ட் இரண்டும் சொல்லாது. எழுதியவர் எதை நினைத்தார் என்று தெரியவில்லை, அடைப்புக்குறி போடு என்று எரர் காட்டும்.

கணிதத்தில் எழுதும் வழக்கப்படி பார்த்தால் பைத்தான் செய்வதுதான் சரி. ஆனால் பொதுமக்கள் தட்டும் கட்டத்துக்கு ஜாவாஸ்கிரிப்டின் முடிவு எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு பேர் இரண்டு விதமாகப் படிக்கும் கோவைக்கு மௌனமாக ஒரு விடையைச் சொல்வதைவிட, திருப்பிக் கேட்பது மேல். எதைத் தேர்ந்தாலும் 2**-1 வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எதிர்மறையை அடுக்குக்கு மேலே மட்டும் வைத்துவிட்டு, அடுக்கின் வலப்பக்கம் நேராக மூலத்தை அழைத்தால் அது உடைந்துவிடும். காரணியை அழைத்தால் 0.5 வரும்.

6/2(1+2) என்ற வகையறாவும் இதே கதை. விடை 1-ஆ 9-ஆ என்று சமூக ஊடகங்களில் திரும்பத் திரும்பச் சண்டை நடக்கும். பெருக்கல் குறி இல்லாமல் எழுதியதை ஏற்காதீர்கள், சண்டை உங்கள் நிரலுக்குள் வராது.

மீதி எழுத்தை மறந்துவிடுவது

பார்சர் 2+3) என்பதைப் படிக்கிறது. 2+3 ஒரு முழுக் கோவை, விடை 5, வேலை முடிந்தது என்று திரும்பிவிடுகிறது. மிச்சம் நிற்கும் அடைப்புக்குறியை யாரும் கேட்கவில்லை. 2+3 4 என்றாலும் 5தான். கடைக்காரர் 2+34 என்று தட்ட நினைத்து நடுவில் ஸ்பேஸ் விழுந்திருந்தால் பில் தப்பாகிவிடும். வெளி ஃபங்ஷன் கோவையைப் படித்து முடித்ததும் டோக்கன்கள் எல்லாம் தீர்ந்துவிட்டனவா என்று ஒரு வரி சோதனை கட்டாயம் வேண்டும். மிக மலிவான வரி, மிக அதிகமாக மறக்கப்படும் வரியும் அதுதான்.

கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1961-இல் விவரித்த ஷன்டிங் யார்டு முறையில் எழுதுபவர்களுக்கு இது இன்னும் நுட்பமாக வரும். எண்களை ஒரு ஸ்டாக்கிலும் (கடைசியாக வைத்ததை முதலில் எடுக்கும் குவியல்) குறிகளை இன்னொரு ஸ்டாக்கிலும் போட்டுச் செய்யும் முறை அது. இணையத்தில் காணும் சுருக்கமான வடிவங்கள் பலவும், எண் வர வேண்டிய இடமா, குறி வர வேண்டிய இடமா என்று பார்ப்பதில்லை. அதனால் 2+3, 2 3 +, + 2 3 மூன்றுக்கும் 5 என்று ஒரே விடை சொல்லும். 'அடுத்து எண்ணை எதிர்பார்க்கிறேன்' என்று ஒரு மாறியை வைத்து ஒவ்வொரு டோக்கனிலும் சரிபார்த்தால் தீர்ந்தது. எதிர்மறை மைனஸைக் கண்டுபிடிக்கவும் அதே மாறிதான் உதவும். ஸ்டாக்கிலிருந்து குறியை எடுக்கும் நிபந்தனையில், சம முன்னுரிமை வந்தால் எடுக்க வேண்டுமா என்பது இடமிருந்து சேரும் குறிக்கு 'ஆம்', வலமிருந்து சேரும் அடுக்குக்கு 'இல்லை'. இங்கே ஒரு சமக்குறி தவறினால் 10-4-3 மறுபடி 9 ஆகிவிடும்.

எண் வகையையும் ஆழத்தையும் பார்க்காமல் விடுவது

பைத்தானில் -7//2 என்றால் -4, கீழ்நோக்கி முழுமையாக்கும். பாஷில் -7/2 என்றால் -3, பூஜ்யத்தை நோக்கி வெட்டும். மீதியும் அதற்கேற்ப மாறும்: -7%3 பைத்தானில் 2, பாஷிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் -1. ஒரு மொழியில் எழுதிய பார்சரை இன்னொன்றுக்கு மாற்றும்போது இது கவனிக்கப்படாமல் போகும்.

சதவீதக் குறிக்கு வேறு தொல்லை. 1200+18% என்று தட்டுபவர் ஜிஎஸ்டி சேர்த்து 1416 வரும் என்று எதிர்பார்க்கிறார், பல கால்குலேட்டர்கள் அப்படித்தான் செய்கின்றன. பைத்தானுக்கு அந்தக் குறி மீதி காண்பது, பின்னால் எண் இல்லாததால் எரர். பணம் சம்பந்தப்பட்ட கட்டம் என்றால் மீதிக் குறியை விட்டுவிட்டு, சதவீதமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் என்றதும் 0.1+0.2 நினைவுக்கு வர வேண்டும். சாதாரண தசமத்தில் அது 0.30000000000000004. பைத்தானின் 'டெசிமல்' வகையைப் பயன்படுத்தினால் சரியாக 0.3 வரும். ஆனால் டோக்கனின் எழுத்தை நேராக டெசிமலிடம் கொடுக்க வேண்டும். முதலில் ஃப்ளோட் ஆக்கிவிட்டு அப்புறம் டெசிமலிடம் கொடுத்தால், ஃப்ளோட்டில் புகுந்த பிழை அப்படியே கூட வந்துவிடும்.

அடுத்து ஆழம். மேலே சொன்ன அமைப்பில் ஓர் அடைப்புக்குறிக்குள் இறங்க ஐந்து ஃபங்ஷன் அழைப்புகள் ஆகின்றன. பைத்தானின் தற்சுழற்சி வரம்பு இயல்பாக 1000. ஏறத்தாழ 200 அடைப்புக்குறிகளைத் திறந்துகொண்டே போனால் நிரல் விழுந்துவிடும். அடைப்புக்குறி இல்லாமலேயே, ஆயிரம் மைனஸ்களை வரிசையாகத் தட்டினாலும் காரணி ஃபங்ஷன் தன்னையே அழைத்து அழைத்து அதே வரம்பில் முட்டும். வரம்பை உயர்த்துவது தீர்வு இல்லை. உள்ளீட்டின் நீளத்துக்கு ஓர் எல்லை, ஆழத்துக்கு ஓர் எண்ணி, இரண்டும் வைத்துத் தெளிவாக மறுத்துவிடுங்கள்.

எரரில் இடத்தைச் சொல்லாமல் விடுவது

'தவறான உள்ளீடு' என்று மட்டும் காட்டினால் பயனர் அதையே மறுபடி தட்டுவார். ஒவ்வொரு டோக்கனோடும் அது எத்தனையாவது எழுத்தில் தொடங்கியது என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். அப்போது 12+*3 என்பதற்கு '4-ஆவது எழுத்தில் எண் வர வேண்டும், * வந்திருக்கிறது' என்று சொல்ல முடியும். (2+3 என்று மூடாமல் விட்டிருந்தால் வரியின் கடைசியைக் காட்டுவதைவிட, திறந்த அடைப்புக்குறி எங்கே இருக்கிறது என்று காட்டுவது உதவும். 1/0 வேறு வகை: எழுதிய விதத்தில் பிழை இல்லை, கணக்கில்தான் பிழை. அதற்கு 'பூஜ்யத்தால் வகுக்க முடியாது' என்ற தனிச் செய்தி வேண்டும். வரம்பு மீறல் மூன்றாவது வகை. பைத்தானில் இந்த மூன்றுக்கும் தனித்தனி எக்செப்ஷன் வகை வைத்தால், அழைக்கும் நிரல் எதைப் பயனருக்குக் காட்டுவது, எதை லாகில் எழுதுவது என்று பிரித்துக்கொள்ளும். சோதனைகளை எழுதும்போதும் 10-4+3, 5-(2-6), 3-2, 2**3**2, 2+3) ஆகியவற்றோடு, இந்த மூன்று வகை எரர்களும் சரியான இடத்தைக் காட்டுகின்றனவா என்பதையும் சேர்த்துச் சோதியுங்கள்.